திறந்த அணுக்கமும் மூன்று வாயில்களும்: நோய்த்தொற்றுத் தடுப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாடு குறித்த புதிய மருத்துவ ஆய்விதழ்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோய்த்தொற்றுத் தடுப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாடு ஆகிய துறைகளில் 2012 முதல் 2021 வரையிலான காலத்தில் திறந்த அணுக்க ஆய்விதழ்கள் பல தொடங்கப்பெற்றன. யாவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதே அவற்றின் முதன்மையான உறுதிமொழி. அறிவு வளமுள்ள நாட்டிலிருந்து வறிய நாட்டிற்கும் வறிய நாட்டிலிருந்து வளமுள்ள நாட்டிற்கும் செல்லவேண்டும் என்னும் புடாபெஸ்ட் அறிக்கையின் நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டு, படித்தல், எழுதுதல், புரிந்துகொள்ளுதல் என்னும் மூன்று நிலைகளில் இவ்வுறுதிமொழியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. முதல் வாயில் திறந்திருக்கிறது. இரண்டாவது இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது பற்றிய பேச்சே எழவில்லை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: திறந்த அணுக்கம், மருத்துவ ஆய்விதழ், நோய்த்தொற்றுத் தடுப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பி, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு அடங்காத நுண்ணுயிரிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தனர் என்று 2022இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு விகிதம் மிகுதியாக இருந்த பகுதி மேற்கு ஆப்பிரிக்கா. நம்பத்தகுந்த தரவுகள் மிகக் குறைவாகக் கிடைக்கும் பகுதிகளுள் ஒன்றும் அதுவே. நோய் மிகுந்த இடத்தில் நோயைப் பற்றிய எழுத்து குறைந்திருக்கிறது என்னும் இம்முரண், இத்துறையில் தொடங்கப்பெறும் எந்த ஆய்விதழும் எதிர்கொண்டாக வேண்டிய முதல் வினாவாகும்.

2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுக்க முன்னெடுப்பின் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் விலைத் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என வலியுறுத்தியது. செல்வர் கற்றது வறியவர்க்கும், வறியவர் கற்றது செல்வர்க்கும் சென்றடைய வேண்டும் என்னும் இருவழி நோக்கமும் அதில் இடம்பெற்றிருந்தது. பிற்கால இதழ்த் தொடக்கங்களில் முதல் வழி மட்டுமே பெரிதும் பேசப்பட்டது. விடுபட்ட மற்றொரு வழியை முன்வைத்தே இத்திறனாய்வு அமைகிறது.

இதழும் தொற்றும்: இரு முன்நிகழ்வுகள்

நோய்த்தொற்றுத் தடுப்பின் வரலாற்றில், ஓர் உண்மை எந்த இதழில், எந்த மொழியில் வெளிவந்தது என்பது உயிர்களின் எண்ணிக்கையோடு தொடர்புடையதாக இருந்துள்ளது. பிரசவக் காய்ச்சல் மருத்துவர்கள், செவிலியர்கள் வழியாகவே ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குப் பரவுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1843இல் எழுதினார். அக்கட்டுரை வெளிவந்த நியூ இங்கிலாந்துக் காலாண்டு மருத்துவ இதழ் வாசகர் குறைந்தது, ஓராண்டிற்குள் நின்றும்போனது. கட்டுரை பரவலான வாசிப்பைப் பெறவில்லை. 1855இல் ஹோம்ஸ் அதனைத் தனிநூலாக மீண்டும் வெளியிட வேண்டியிருந்தது.

வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவுவதை நடைமுறைப்படுத்தினார். அதற்கு முந்தைய மாதத்தில் முதல் மகப்பேற்றுப் பிரிவில் 18 விழுக்காட்டை எட்டியிருந்த தாய்மார் இறப்பு, ஜூன் மாதத்தில் 2 விழுக்காட்டளவிற்குக் குறைந்தது. எனினும் இதனை வியன்னா மருத்துவ இதழில் முதலில் அறிவித்தவர் அவருடைய நண்பர் ஹெப்ரா. செம்மல்வைஸ் தாமே எழுதியவை 1858இல்தான் வெளிவரத் தொடங்கின. அவையும் ஹங்கேரிய மொழி இதழில் வெளிவந்தன. ஜெர்மன் மொழியில் அவருடைய நூல் வந்தது 1861இல். கண்டறிதலுக்கும் அதனைக் கண்டறிந்தவரின் முழுமையான எழுத்திற்கும் இடையே 14 ஆண்டுகள் கழிந்தன. அவர் ஏற்கப்படாமைக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் எழுத்தின் தாமதமும் மொழியின் எல்லையும் அவற்றுள் சேரும்.

படிப்போர் வாயில்: லைபீரியா தரும் பாடம்

திறந்த அணுக்கத்தின் தேவைக்கு அடிக்கடி காட்டப்பெறும் சான்று லைபீரியா. 2014இல் அந்நாட்டை எபோலா தாக்கியபோது, மேற்கு ஆப்பிரிக்காவிற்கு அந்நோய் புதிது என்றே பலரும் கருதினர். லைபீரிய மக்களின் குருதி மாதிரிகளை ஆராய்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், அந்நாட்டையும் எபோலா நிலைகொண்டுள்ள பகுதியில் சேர்க்கவேண்டும் என்று 1982ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய நச்சுயிரியல் இதழொன்றில் எழுதியிருந்தனர். லைபீரியச் சுகாதார அமைச்சகத்தின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த பெர்னிஸ் டான் இதனை 2015இல் இருவருடன் இணைந்து வெளிப்படுத்தினார். இத்தகைய கட்டுரைகளுள் ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்பெருந்தொற்று 11,000 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. பாதுகாப்புக் கருவியின்றிப் பணியாற்றிய மருத்துவர்களும் செவிலியர்களும் அவர்களுள் பலர்.

இந்நிகழ்வை விலைத் தடையின் விளைவாக மட்டும் வாசிப்பது போதாது. அக்கட்டுரை இலவசமாகக் கிடைத்திருந்தாலும், அப்படியொரு கட்டுரை இருப்பதை லைபீரியாவில் அறிந்தவர் எவர்? டானும் உடனெழுதியோரும் சுட்டிய மற்றொரு செய்தி, அக்கட்டுரைகளின் ஆசிரியர்களுள் லைபீரியர் ஒருவரும் இல்லை என்பதாகும். குருதி அந்நாட்டிலிருந்து சென்றது. அறிவு திரும்பி வரவில்லை. லைபீரிய மருத்துவர் ஒருவர் உடன் ஆசிரியராக இருந்திருப்பின், அந்த எச்சரிக்கை இதழில் அடைபட்டிருந்தாலும் ஒரு மனிதரின் நினைவில் அந்நாட்டிலேயே தங்கியிருக்கும். எனவே யார் படிக்கலாம் என்னும் வினா, யார் எழுதலாம் என்னும் வினாவிலிருந்து பிரிக்க இயலாதது.

மூத்த இதழும் இளைய இதழும்

இத்துறையின் திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ் அண்ட் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல்’ 2012இல் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகத்தால் தனி இதழாகத் தொடங்கப்பெற்றது. பின் வந்தவை வேறுவகை. பிரிட்டனில் 1980 முதல் வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் ஹாஸ்பிடல் இன்ஃபெக்‌ஷன்’ இதழுக்கு உடன்பிறப்பாக 2019இல் ‘இன்ஃபெக்‌ஷன் பிரிவென்ஷன் இன் பிராக்டிஸ்’ வந்தது. 1975இல் தோன்றிய ‘ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் கீமோதெரபி’ இதழுக்கும் அதே 2019இல் மருந்து எதிர்ப்பிற்கென ஓர் இளைய இதழ் பிறந்தது. அமெரிக்க மருத்துவமனைத் தொற்றியல் சங்கத்தின், 1980இல் தொடங்கிய இதழுக்குத் துணையாக 2021இல் ‘ஆன்டிமைக்ரோபியல் ஸ்டூவர்ட்ஷிப் அண்ட் ஹெல்த்கேர் எபிடெமியாலஜி’ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது.

மூன்று சங்கங்களும் தத்தம் மூத்த இதழைச் சந்தா முறையில் வைத்துக்கொண்டு, இளைய இதழை முழுத் திறந்த அணுக்கமாக அமைத்தன. பொதுநிதியில் நடைபெறும் ஆய்வுகள் திறந்த அணுக்கத்திலேயே வெளிவரவேண்டும் எனக் கோரும் ‘பிளான் எஸ்’ திட்டத்தை ஐரோப்பிய நிதிநல்கை நிறுவனங்கள் 2018 செப்டம்பரில் அறிவித்தன. அதனையடுத்த மூன்றாண்டுகளில் இவ்விதழ்கள் தோன்றியமை தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. சங்கங்களின் பணிகளுக்குச் சந்தா வருவாய் தேவைப்பட்டது. நிதி நல்குவோர்க்குத் திறந்த இதழ் தேவைப்பட்டது. இரண்டையும் நிறைவுசெய்த இவ்வேற்பாட்டை நேர்மையற்றது எனக் கூறுவதற்கில்லை.

ஆனால் அதன் விளைவு கருதத்தக்கது. நீண்டகால மதிப்பும் மேற்கோள் வலிமையும் மூத்த இதழிடம் நிலைத்தன. திறப்பு இளைய இதழுக்கு வழங்கப்பட்டது. மூத்த இதழ் ஏற்காத கட்டுரையை இளைய இதழுக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் பதிப்பகங்களிடையே பரவலாக உள்ளது. இதனால் திறந்திருப்பது இரண்டாம் தரம் என்னும் எண்ணம் எவரும் சொல்லாமலேயே நிலைபெறுகிறது.

இதழின் மதிப்பு செய்தியின் விதியைத் தீர்மானிப்பதற்கு இந்திய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. என்டிஎம்-1 என்னும் நொதியால் கார்பபெனம் மருந்துகளுக்கு அடங்காத நுண்ணுயிரிகள் மும்பை மருத்துவமனை ஒன்றில் காணப்பட்டதை இந்திய மருத்துவ வல்லுநர் சங்கத்தின் இதழ் 2010 மார்ச்சில் வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்ட பன்னாட்டுக் கட்டுரை அதே ஆண்டு ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்தபோதே உலகமும் இந்திய நாடாளுமன்றமும் அதிர்ந்தன. செய்தியின் சாரம் ஐந்து மாதங்களுக்கு முன்பே அச்சேறியிருந்தது. அதைக் கேட்கவைத்தது இதழின் பெயரே.

எழுதுவோர் வாயில்

திறந்த அணுக்க இதழ் செலவின்றி நடப்பதில்லை. சந்தாவிற்கு மாற்றாகக் கட்டுரையாளரிடம் வெளியீட்டுக் கட்டணம் பெறும் முறையைப் பயோமெட் சென்ட்ரல் 2002இல் கொண்டுவந்தது. அதுவே பின்னர்ப் பொதுவழக்காயிற்று. மேற்குறித்த துறையில் ஒரு கட்டுரைக்கான கட்டணம் இன்று ஆயிரம் டாலருக்கு மேற்பட்டது. வளமான பல்கலைக்கழகங்கள் பதிப்பகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களால் அங்குள்ள ஆய்வாளர் இக்கட்டணத்தைக் கண்ணாலும் காண்பதில்லை. மாவட்ட மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வக மருத்துவருக்கு அது பல மாதச் சேமிப்பாகும்.

கட்டண விலக்கு உண்டே என்பது இதற்குக் கூறப்பெறும் மறுமொழி. அது உண்மையே, மிகக் குறைந்த வருவாயுள்ள நாடுகளுக்கு முழு விலக்கு அளிக்கப்படுகிறது. லைபீரிய மருத்துவர் இன்று கட்டணமின்றி எழுத இயலும் என்பது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் இவ்விலக்கு தனிமனிதரின் நிலையை நோக்காமல் நாட்டின் வருவாயை நோக்குகிறது. பயோமெட் சென்ட்ரல் பின்பற்றிவந்த விதிப்படி, கீழ்நடுத்தர வருவாயுள்ள நாடுகளுள் மொத்தப் பொருளாதாரம் 20,000 கோடி டாலருக்குக் குறைந்தவற்றிற்கே தானாகக் கட்டணக் குறைப்புக் கிடைக்கும். மக்கள்தொகையால் பொருளாதாரம் பெருத்த இந்தியா இவ்வரம்பிற்கு வெளியே நிற்கிறது. ஏனையோர் தனியே விண்ணப்பித்து ஆசிரியரின் இசைவிற்குக் காத்திருக்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடொன்றின் அனுபவம், செல்வமும் வறுமையும் அல்லாத இடைநிலையால் எழுத்தாகாமல் போகும் நிலை இதனால் உருவாகிறது.

மற்றத் துறைகளைவிட இத்துறையில் இவ்விழப்பு பெரிது. எந்த மருந்திற்கு எந்த நுண்ணுயிரி அடங்கும் என்பது ஊருக்கு ஊர், ஒரே ஊரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். ஜெனீவாவிலோ வர்ஜீனியாவிலோ கண்ட முடிவு மான்ரோவியாவிற்கு அப்படியே பொருந்தாது. அதனால் அவ்வவ்விடத்தார் எழுதாவிடில், படிக்கக் கிடைப்பவை எவ்வளவு பெருகினும் அவர்களுக்கான அறிவு பெருகியதாகாது.

மொழி என்னும் வாயில்

நோய்த்தொற்றுத் தடுப்பு மருத்துவரால் மட்டும் நிகழ்வதன்று. செவிலியர், தூய்மைப் பணியாளர், மருந்துக்கடைக்காரர், நோயாளியின் உறவினர் ஆகியோரின் கைகளில்தான் அது நிறைவேறுகிறது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு ஆங்கில ஆய்விதழ் விலையின்றிக் கிடைப்பினும் மூடிய நூலே.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், மருந்து எதிர்ப்பு என்பது மனித உடல் மருந்தை எதிர்ப்பதே என 76 விழுக்காட்டினர் தவறாகக் கருதியமை தெரியவந்தது. உண்மையில் மருந்திற்கு அடங்காமற் போவது உடலன்று, நுண்ணுயிரி. தமிழில் இத்தவறான புரிதலுக்குக் கலைச்சொற்களே துணைநிற்கின்றன. ‘ஆன்டிபயாடிக்’ என மக்கள் வழங்குவதற்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’, ‘நுண்ணுயிர்க்கொல்லி’, ‘உயிர் எதிர்ப்பொருள்’ எனப் பல சொற்கள் உள்ளன. குருதியில் உருவாகும் காப்புப் புரதத்திற்கும் ‘எதிர்ப்பொருள்’ என்பதே பெயர். உடலின் காப்பாற்றலோ ‘நோய் எதிர்ப்புத் திறன்’ எனப்படுகிறது. இந்நிலையில் நுண்ணுயிரியின் அடங்காமையையும் ‘எதிர்ப்புத் திறன்’ என்றால், ஒரே சொல் வாசகர் விரும்பவேண்டியதையும் அஞ்சவேண்டியதையும் ஒருங்கே குறிக்கிறது. மருந்து, உடல், கிருமி ஆகிய மூன்றும் எதிர்க்கின்றன. எது எதனை எதிர்க்கிறது என்பது தெளிவாவதில்லை. ‘மருந்திற்கு அடங்காக் கிருமி’ என்பது போன்ற தொடர் சுருக்கமற்றதாயினும் குற்றம் எங்குள்ளது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

2021இல் தோன்றிய அமெரிக்க இதழின் பெயரிலுள்ள ‘ஸ்டூவர்ட்ஷிப்’ என்னும் சொல்லும் இத்தகையதே. நுண்ணுயிர் எதிர்ப்பிகளைக் குறித்து அச்சொல்லை மெகோவனும் கெர்டிங்கும் 1996இல் ஆண்டனர். பிறர் உடைமையைப் பொறுப்போடு பேணி ஒப்படைத்தல் என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. ‘முறையான பயன்பாடு’ என்னும் தமிழாக்கம் ஒழுங்கைச் சொல்கிறது. அடுத்த தலைமுறையின் உடைமை இது என்னும் அறத்தைச் சொல்லவில்லை.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி புதிதன்று. செம்மல்வைஸ் கைகழுவச் சொன்ன அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். திறந்த அணுக்கம் இம்மரபிற்குப் புதிய வாய்ப்பொன்றைத் தருகிறது. சந்தா இதழின் கட்டுரையை இசைவின்றி மொழிபெயர்த்து வெளியிட இயலாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ஆசிரியர் பெயரைச் சுட்டுவதை மட்டும் கோரும் உரிமத்தின்கீழ் வருவதை யாரும் மொழிபெயர்க்கலாம். ஆயினும் வழிப்படைப்புகளைத் தடைசெய்யும் உரிமங்களும் ‘திறந்த’ என்னும் அதே பெயரில் உலவுகின்றன. அவற்றின்கீழ் வரும் கட்டுரையைத் தமிழர் படிக்கலாம், தமிழில் தரக்கூடாது.

மாற்று முன்மாதிரிகள்

இக்குறைகள் தவிர்க்க முடியாதவை அல்ல என்பதற்கு இதே துறையில் சான்றுகள் உள. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1995 முதல் நடத்தும் ‘எமர்ஜிங் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ படிப்போரிடமும் எழுதுவோரிடமும் கட்டணம் பெறுவதில்லை. ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையத்தின் ‘யூரோசர்வெய்லன்ஸ்’ இதழும் அவ்வாறே. பொதுநலம் கருதிய அறிவிற்குப் பொதுநிதியே செலவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் திங்களிதழ் தன் கட்டுரைச் சுருக்கங்களை ஆறு மொழிகளில் தருகிறது. தமிழ் அவற்றுள் இல்லை. ஆயினும் ஓர் இதழ் பன்மொழியில் பேச இயலும் என்பதற்கு அது சான்று.

இதழுக்கு வெளியேயும் ஒரு முன்மாதிரி உண்டு. ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீதியே பித்தேயின் குழு, ஆல்கஹால் கரைசலைக் கட்டிலருகே வைத்ததும் ஒரு கூறாக அமைந்த இயக்கத்தின் வழி, கைத்தூய்மை கடைப்பிடிப்பை 1994க்கும் 1997க்கும் இடையே 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. பின்னர் உலக நலவாழ்வு நிறுவனம் அத்தகைய கரைசலின் செய்முறையை எவர்க்கும் உரிமைத்தொகையின்றி வெளியிட்டது. 80 விழுக்காடு எத்தனால், சிறிதளவு கிளிசரால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைக் கொண்டு எந்த ஊர் மருந்தகமும் அதனைச் செய்துகொள்ளலாம். படிப்பவர் அதனைத் தம் இடத்தில் செய்யவும், தம் பொருளுக்கேற்ப மாற்றவும் இயன்றமையே இதன் திறப்பு. அதே பித்தே 2012இல் தொடங்கிய இதழின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார். கரைசலுக்குக் கிடைத்த திறப்பு கட்டுரைக்கும் கிடைத்ததா என்பதே அவ்விதழை நோக்கி எழுப்பத்தக்க வினா.

முடிவுரை

இவ்விதழ்களின் வரவு நன்மையே. 45 டாலர் தடை இவற்றில் இல்லை. ஆனால் அகற்றப்பட்ட சுவர் எழுதுவோர் முன்னே எழுப்பப்பட்டிருக்கிறது. மொழிச் சுவரோ தொடப்படவே இல்லை. இத்துறையில் இனித் தொடங்கும் இதழை மூன்று வினாக்களால் அளக்கலாம்: நோய் மிகுந்த இடத்தில் பணிபுரிபவர் தம் கைப்பொருளை இழக்காமல் அதில் எழுத இயலுமா? தரவு எடுக்கப்பட்ட நாட்டினர் ஆசிரியராக இடம்பெற வேண்டும் என அது கோருகிறதா? அதன் உரிமம் மொழிபெயர்ப்பிற்கு இடந்தருகிறதா?

இவ்வினாக்கள் மருத்துவ இதழ்களோடு நிற்பவை அல்ல. கட்டுரையாளரிடம் தொகை பெற்று வெளியிடும் இணைய இதழ்கள் தமிழ் ஆய்வுலகிலும் உள்ளன. அங்கும் ஊதியமற்ற ஆய்வாளரே பெரும்பாலும் அதனைச் செலுத்துகிறார். உரிமம் தடையாக இல்லாத மருத்துவக் கட்டுரைகளைத் தமிழில் தருவதும், எதிர்ப்பு என்னும் ஒற்றைச் சொல்லின் குழப்பத்தைத் தீர்ப்பதும் மருத்துவர் மட்டும் செய்யக்கூடிய பணிகள் அல்ல. மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லாக்கமும் கற்ற தமிழ்த்துறையினர் மருத்துவரோடு அமர்ந்து செய்யவேண்டியவை அவை.

லைபீரியாவின் 1982ஆம் ஆண்டு எச்சரிக்கை 32 ஆண்டுகள் அச்சில் இருந்தது. அந்நாட்டில் அதனைத் தம்முடையதாக எழுதியவரும் இல்லை, தம்முடையதாகப் படித்தவரும் இல்லை. திறந்த அணுக்கம் என்னும் பெயருக்குத் தகுதி பெற, ஓர் இதழ் இவ்விருவரையும் உருவாக்க வேண்டும்.